அர்மீனிய நகைச்சுவை நாடகம் ஒன்றைக் காரைக்குடி மேடைக்குக் கொண்டுவர: எதை எடுப்பது, எப்படி மாற்றுவது?

செக்காலை நாடகக்குழு கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அமெச்சூர் குழுவுக்குச் சித்திரையில் ஒரு திருவிழா நிகழ்ச்சியில் 50 நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆண்கள் 6 பேர், பெண்கள் 2 பேர். மாமியார்–மருமகள் சண்டை, குடிகாரன் தள்ளாட்டம் இரண்டும் வேண்டாம் என்பதில் எல்லோரும் ஒரே கட்சி.

புலம்பெயர்ந்த அர்மீனியர்களின் மேடை நாடகங்கள், சிறு நகைச்சுவைக் காட்சிகள் சிலவற்றை ஆங்கிலத்தில் படித்தோம். கடல் தாண்டிப் போய்ச் சம்பாதித்தவன், அவன் பணத்தைச் சுற்றி நிற்கும் சொந்தம், சங்கத் தேர்தல், கல்யாணப் பேச்சு என்று எல்லாமே கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டிப் போய்த் தொழில் செய்ய, போன நம்மூர்க்காரர்களுக்குப் பழகிய சங்கதியாக இருக்கிறது. இப்போது கேள்விகள்:

எந்த நாடகம் இந்த ஆள் கணக்குக்கும் நேரத்துக்கும் சரிவரும்? உரிமை யாரிடம் கேட்க வேண்டும்? பெயர், ஊர் எல்லாவற்றையும் தமிழாக்கலாமா, அப்படியே விடலாமா? இடம் இன்னும் முடிவாகவில்லை. ஒரு பெரிய வீட்டு வளவு (நடுமுற்றப் பகுதி) கிடைக்கும், இல்லாவிட்டால் பள்ளிக்கூடக் கலையரங்கம்.

---

திரைச்சீலை எழுதியது:

அர்மீனிய நாடகம் என்று பொதுவாகத் தேடினால் மூன்று வகைச் சரக்கு கலந்து வரும். முதலில் அதைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, 19-ஆம் நூற்றாண்டுக் கான்ஸ்டான்டினோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) எழுதியவை. இதில் தலை ஹாகோப் பாரோனியன் (1843–1891). எடிர்னேயில் பிறந்தவர், அங்கதம்தான் அவர் தொழில். இரண்டாவது, திபிலிசி பக்கத்தில் வளர்ந்த கிழக்கு அர்மீனிய நாடகம். காப்ரியேல் சுந்துக்கியானின் ‘பெபோ’ (1871) அதில் பேர்பெற்றது. செத்துப்போன அப்பன் கொடுத்த கடனுக்கு எழுதிவாங்கிய சீட்டு காணாமல் போய், மீன்பிடிக்கிற மகன் தங்கை கல்யாணத்துக்குப் பணம் இல்லாமல் பணக்காரனிடம் அல்லாடுகிற கதை. புரோநோட்டு என்றால் என்ன என்று நம்மூரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, ஆனால் அது முழு நகைச்சுவை அல்ல. கடைசி அங்கத்தில் தொண்டை அடைக்கும். மூன்றாவது, 1915 இனப்படுகொலைக்குப் பிறகு சிதறிப்போனவர்கள் பெய்ரூத், அலெப்போ, கெய்ரோ, பாரீஸ், பாஸ்டன், லாஸ் ஏஞ்சலஸ் என்று போன இடத்திலெல்லாம் நடத்திய நாடகம். பெய்ரூத்தில் ஹமஸ்காயின் என்ற அர்மீனியக் கலாச்சார அமைப்பின் காஸ்பர் இபேக்கியான் குழு 1941-இல் தொடங்கியது. இஸ்தான்புல்லில் ஹாகோப் அய்வாஸ் ‘குலிஸ்’ என்ற நாடகப் பத்திரிகையை 1946 முதல் 1996 வரை விடாமல் நடத்தினார். லாஸ் ஏஞ்சலஸில் வாஹே பெர்பேரியன் மேற்கு அர்மீனிய மொழியில் தனியாளாக நின்று பேசும் நிகழ்ச்சிகள் இந்தக் கிளையின் இன்றைய முகம்.

வேடிக்கை என்னவென்றால், மூன்றாவது கூட்டம் அதிகம் கையில் எடுப்பது முதல் ஆளைத்தான். பாரோனியனுக்குப் பெரிய செட்டு வேண்டாம், ஒரு கூடம் போதும். சின்னச் சின்ன வேடம் நிறைய இருப்பதால் தேவாலய மண்டபத்துக் குழுவில் எல்லோருக்கும் ஒரு பாத்திரம் கொடுக்கலாம். உங்கள் குழுவுக்கும் அதுவே பொருந்தும்.

அவருடையவற்றில் மேடையேறத் தோதானவை மூன்று. ‘கீழ்நாட்டுப் பல் வைத்தியர்’ (1868) இளவயது எழுத்து. ஆள்மாறாட்டமும் கள்ளக்காதலும் கதை. ‘பாக்தாசார் அண்ணன்’ (1886) மூன்று அங்கம். மனைவி அனுஷ் இன்னொருவனோடு பழகுவது தெரிந்து விவாகரத்துக் கேட்டுப் போகிற புருஷன் மேலேயே நியாயசபை பழியைத் திருப்பிவிடும். கட்டுமானத்தில் அதுதான் மூன்றிலும் உசத்தி. ஆனால் 50 நிமிடத்துக்கு வெட்டினால் இரண்டாம் அங்கத்து முடிச்சு அறுந்துபோகும். திருவிழாக் கூட்டத்தில் குழந்தைகளும் இருப்பார்கள்.

என் யோசனை ‘மாண்புமிகு பிச்சைக்காரர்கள்’. கருங்கடல் துறைமுகமான ட்ரெபிசோண்டிலிருந்து கப்பலில் வந்து இறங்குகிற அபிசோகோம் ஆகா (ஆகா என்பது மரியாதைப் பட்டம்) என்ற பணக்காரர் கல்யாணத்துக்குப் பெண் தேடித் தலைநகருக்கு வருகிறார். பத்திரிகை ஆசிரியர், பாதிரியார், கவிஞர், புகைப்படக்காரர், கல்யாணத் தரகி, வைத்தியர், வக்கீல் என்று ஒருவர் பின் ஒருவராக வந்து மரியாதையாகக் கறந்துவிடுகிறார்கள். தங்கியிருக்கும் வீட்டுக்காரர் மனூக் ஆகாவின் வாயோ ஓயாது. கடைசியில் ஆளை விட்டால் போதுமென்று ஊருக்கே திரும்பிவிடுகிறார்.

மூலம் நாடகமாக எழுதப்பட்டதல்ல, உரைநடைக் கதை. ஆனால் முக்கால்வாசி உரையாடல்தான் என்பதால் பின்னால் வந்தவர்கள் மேடைக்கு மாற்றிக்கொண்டார்கள். அதே சுதந்திரம் உங்களுக்கும் உண்டு.

எங்கே சறுக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு விருந்தாளியும் செய்வது மூன்றே காரியம்: புகழ்வது, சமூகத்துக்குத் தான் செய்த சேவையைச் சொல்வது, கேட்பது. இந்த வரிசையை முதல் ஆளிடமே சனம் பிடித்துக்கொள்ளும். பிடித்தபின் எல்லோருக்கும் ஒரே நீளம் கொடுத்தால் மூன்றாம் ஆளிலேயே கொட்டாவி வந்துவிடும். ஆகவே சுருக்கிக்கொண்டே போக வேண்டும். வருகை 5 நிமிடம், ஆசிரியர் 7, வீட்டுக்காரர் 6, பாதிரியார் 6, கவிஞர் 5, புகைப்படக்காரர் 4. தரகி வரும்போது மட்டும் கொஞ்சம் ஏற்றி 5, வைத்தியர் 3, வக்கீல் ஒன்றரை, முடிவு 4. ஆக 46½ நிமிடம், மிச்சம் சிரிப்புக்கு. வக்கீல் வாயைத் திறக்கும் முன்பே கதாநாயகன் கை தானாகப் பைக்குப் போக வேண்டும். பெரிய சிரிப்பு அங்கேதான். இதைக் கெடுப்பது யார் தெரியுமா? கடைசியில் வருகிற நடிகர்கள்தான். “நமக்கு ஒன்றரை நிமிடந்தானா” என்று ஒத்திகைக்கு ஒத்திகை வசனம் சேர்ப்பார்கள். விடாதீர்கள்.

சிரிப்பு இடைவெளியோடு சேர்த்து நிமிடத்துக்குச் சுமார் 90 சொல் என்று வைத்தால் பிரதி 4,200 சொல்லைத் தாண்டக் கூடாது.

---

ஏட்டுப்பெட்டி எழுதியது:

உரிமை பற்றி. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு. பாரோனியன் 1891-இல் போய்ச் சேர்ந்தவர், அவர் கதைக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. சிக்கல் நீங்கள் படித்த ஆங்கிலப் பிரதியில்தான் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளருக்கும் மேடைக்கு மாற்றியவருக்கும் தனித்தனி உரிமை உண்டு; 60 ஆண்டுக் கணக்கு அவரவர் இறந்த ஆண்டிலிருந்து ஓடும். ஆங்கில வசனத்தை வரிக்கு வரி தமிழாக்கினால் அது அவர்கள் பிரதி. கதைப்போக்கை மட்டும் வைத்துக்கொண்டு வசனத்தை நீங்களே எழுதினால் தொல்லை இல்லை, நாடகமும் நன்றாக வரும்.

சட்டத்தின் 52-ஆம் பிரிவில் அமெச்சூர் குழுக்களுக்கு ஒரு விலக்கு இருக்கிறது: காசு வாங்காமல் காட்டினாலோ, சமய நிறுவனத்தின் நன்மைக்காக நடத்தினாலோ உரிமை மீறல் ஆகாது. டிக்கெட்டுக்குப் பதில் நன்கொடைச் சீட்டு என்று பெயர் மாற்றி விற்றால் அதைக் காசு இல்லாத காட்சி என்று சாதிப்பது கடினம். இன்னொன்று, அந்த விலக்கு மேடையில் நடிப்பதற்கு. முழு நாடகத்தையும் படம்பிடித்து யூடியூபில் ஏற்றுவது வேறு கணக்கு. அமெரிக்க அர்மீனிய எழுத்தாளர் வில்லியம் சரோயான் மாதிரி 1981 வரை இருந்தவர்களின் நாடகம் என்றால் இன்னும் உரிமை உயிரோடிருக்கிறது, எழுதிக் கேட்காமல் தொடாதீர்கள்.

அடுத்து, கதையை எங்கே நட்டுவைப்பது. காரைக்குடியிலேயே வைத்தால் கதை நிற்காது. அபிசோகோம் தலைநகருக்குப் புதியவர், அதனால்தான் ஏமாறுகிறார். நம்மூரில் ஒருவன் வந்து இறங்கினால் எந்தக் கோவில், எந்த வீட்டுப் பிள்ளை என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அங்கே அன்னியன் ஏது? 1925 வாக்கில் சென்னைப் பட்டணத்தில் வையுங்கள். பர்மாவில் கொண்டுவித்துவிட்டு ரங்கூன் கப்பலில் வந்து இறங்குகிறவர், ஊருக்குப் போகுமுன் ஜார்ஜ் டவுனில் தெரிந்தவர் வீட்டில் நாலு நாள் தங்குகிறார். ட்ரெபிசோண்டுக் கப்பலுக்கு இது நேர் இணை. வீட்டை அர்மீனியன் தெருவில் வைத்தால் மூலத்துக்கும் ஒரு கும்பிடு போட்டதாகும். 1712-இல் ஏற்பட்டு 1772-இல் திருப்பிக் கட்டின அவர்கள் கோவில் இன்னும் அங்கே இருக்கிறது. உலகத்தின் முதல் அர்மீனியப் பத்திரிகை ‘அஸ்தரார்’ 1794-இல் அச்சானதும் இந்த மதராஸில்தான். ஆசிரியர் பாத்திரம் நுழையும்போது அதற்கு ஒரு வரி கொடுக்கலாம்.

பெண் தேடுவது மட்டும் இடிக்கிறது. நகரத்தார் ஒருவர் முன்பின் தெரியாத தரகியிடம் பெண் கேட்பாரா? அவர்களுடைய ஒன்பது கோவில் பிரிவுக்குள், தன் கோவில் பிரிவு தவிர்த்துத்தான் பெண் எடுப்பது என்று வரையறை இருக்கும்போது? ஆகவே நோக்கத்தை மாற்றுங்கள்: பட்டணத்தில் வீடு வாங்க வந்தார் என்று வையுங்கள், தரகி வீட்டுத் தரகர் ஆகட்டும்.

---

ஒப்பனைப்பெட்டி எழுதியது:

ஏட்டுப்பெட்டி அண்ணே, அங்கேதான் நல்ல நகைச்சுவையைக் கோட்டை விடுகிறீர்கள். பெண் தேடுவதை எடுத்துவிட்டால் மனிதர் பலவீனமே போய்விடும். வீடு வாங்க வந்தவனுக்கு வெட்கம் ஏது, கூச்சம் ஏது? தரகியை வைத்துக்கொள்ளுங்கள், மயிலாப்பூர்க்காரியாக. அவரே பெண் கேட்டுப் போகவில்லை, வீட்டுக்காரர் கிளப்பிவிட்டு அவளாக வருகிறாள். அவள் பெண்ணின் நிறம், சங்கீதம், வீணை என்று அடுக்கிக்கொண்டே போக, இவர் கேட்பது ஒரே கேள்வி: “எந்தக் கோவில்?” அவள் கூசாமல் “கபாலீஸ்வரர் கோவில்!” என்பாள். இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்கோவில் என்று விரல் மடக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே நிற்க வேண்டும். சென்னையில் இதற்கு ஒருத்தரும் சிரிக்க மாட்டார்கள். காரைக்குடியில் கூரை பறக்கும்.

பாதிரியாரைக் குருக்களாக மாற்ற வேண்டாம், சித்திரைத் திருவிழாவில் தேவையில்லாத வம்பு. ரசீதுப் புத்தகத்தோடு வருகிற திருப்பணிக் கமிட்டி ஆளாக்குங்கள். மனூக் ஆகா மூலத்தில் தேவாலயப் பங்குத் தேர்தல் பற்றியே பேசுவார். 1863-இல் வந்த அவர்களுடைய தேசிய அரசியலமைப்புச் சாசனத்தால் தேவாலய நிர்வாகம் பொதுமக்கள் சபைகளின் கைக்கு வந்து, தெருவுக்குத் தெரு தேர்தல் காய்ச்சல் பிடித்திருந்த காலம். அதை அப்படியே சங்கத்துக் காரியதரிசித் தேர்தலாக்கினால் ஒரு வரி விளக்கமும் வேண்டாம்.

வேடப் பங்கீடு: கதாநாயகன், வீட்டுக்காரர், வீட்டு ஆச்சி, தரகி நான்கு பேருக்கும் ஒவ்வொரு வேடம்தான். மீதி நான்கு ஆண்கள் ஆறு வேடம். ஆசிரியரே வைத்தியர், திருப்பணிக்காரரே வக்கீல், கவிஞரும் புகைப்படக்காரரும் தனி. திரைச்சீலை கொடுத்த நிமிடக் கணக்கில் ஆசிரியர் 12-ஆம் நிமிடம் வெளியேறி வைத்தியராக 38-இல் வருகிறார். உடை மாற்ற நேரம் தாராளம். ஆனால் முகம் மாறாது. ஒட்டுமீசையை நம்பாதீர்கள், வேர்வையில் பாதி கழன்று தொங்கும். சித்திரை வெயில் ராத்திரியிலும் விடாது. தோள் உயரத்தையும் நடையையும் மாற்றுங்கள்: ஆசிரியர் குனிந்து வேகமாக, வைத்தியர் நிமிர்ந்து நிதானமாக. தலைக்கு ஒருவருக்கு முண்டாசு, மற்றவருக்கு வழித்து வாரின தலை. கண்ணாடி போட்டால் கண்ணாடிச் சில்லை எடுத்துவிட்டு வெறும் பிரேம் போடுங்கள், இல்லாவிட்டால் விளக்கு பட்டுக் கண்ணே தெரியாது.

யாரும் திருடன் மாதிரி நடிக்கக் கூடாது. பாரோனியன் தலைப்பில் ‘மாண்புமிகு’ என்று வைத்தது சும்மா அல்ல. கவிஞனுக்கு உண்மையிலேயே பசி, ஆசிரியருக்கு உண்மையிலேயே சந்தா வரவில்லை. ஸ்பெஷல் நாடகத்து பபூன் மாதிரி சனத்தைப் பார்த்துக் கண்ணடித்தால் இந்தக் கதை அதோடு செத்தது.

---

செக்காலை நாடகக்குழு:

மூன்று பேருக்கும் நன்றி. ‘எந்தக் கோவில்’ முடிவாகிவிட்டது, அதை இனி யாரும் மாற்ற முடியாது. இரண்டு சந்தேகம். பணம் கைமாறுவது பின்வரிசைக்கு எப்படித் தெரியும்? பசியோடு இருக்கிற ஆளை மேடையில் எப்படிக் காட்டுவது, சாப்பாடு உண்மையாக வைக்கலாமா?

---

பக்கவாட்டு எழுதியது:

பணத்தைக் காதுக்குக் காட்டுங்கள். நோட்டு பின்வரிசைக்குத் தெரியாது, வெள்ளி ரூபாய்ச் சத்தம் கேட்கும். துணிப்பையில் இரும்பு வாஷர் போட்டால் அந்தச் சத்தம் அச்சாக வரும். பிளாஸ்டிக் காசு போட்டால் சோழி உருட்டுகிற மாதிரி இருக்கும். முன்னால் ஒரு கணக்குப்பெட்டி. ஒவ்வொருவருக்கும் கொடுத்தவுடன் பேரேட்டைத் திறந்து வாய்விட்டு எழுத வேண்டும்: “மகமைப் பற்று, ரூபாய் பத்து.” மகமையில் எழுதுகிறவரை அவருக்கு அது தர்மம், தரகிக்குக் கொடுத்ததையும் மகமையில் எழுதும்போது சனம் தானாகச் சிரிக்கும். எழுதுகிற நேரம் அடுத்த ஆள் நுழைவதற்கான இடைவெளியாகவும் ஆகிவிடும்.

தொகையை முன்கூட்டியே நிர்ணயித்துவிடுங்கள். நகரத்தார் ஊரில் கூட்டல் தப்பினால் வசனம் தப்பினதைவிடப் பெரிய குற்றம். பையில் 300 ரூபாய். ஆசிரியர் சந்தா 10, திருப்பணி 51, கவிஞருக்கு 21, புகைப்படம் 30, தரகிக்கு 101, வைத்தியர் 15, வக்கீல் 50. மொத்தம் 278, மிச்சம் 22. முடிவில் அவர் பேரேட்டைக் கூட்டும்போது முன்வரிசையில் நாலு பேர் மனதுக்குள் கூட்டிப் பார்த்திருப்பார்கள்.

சாப்பாட்டுக்கு வாழை இலை போதும். 12-ஆம் நிமிடத்தில் இலை விழ வேண்டும். உப்பு, ஊறுகாய், ஒரு பச்சடி என்று ஒவ்வொன்றாக ஆச்சி வைப்பார். கை இலைக்குப் போகும் நேரம் வாசலில் குரல் கேட்கும். சோறு கடைசிவரை வரவே கூடாது. உண்மைச் சோறு வைத்தால் நடிகர் பதற்றத்தில் ஒரு கவளம் போட்டுவிடுவார், அப்புறம் வசனம் புரையேறும். அதைவிட, இலையில் ஐந்து பண்டத்துக்கு மேல் வைத்தால் பின்னால் எடுப்பதற்கு ஒரு ஆள் தேவைப்படும்.

இலை நுனி சாப்பிடுகிறவருக்கு இடது பக்கம். மேடையில் பக்கவாட்டாக உட்காருவதால் அவசரத்தில் திருப்பிப் போட்டுவிடுவார்கள். நம் சனம் அதைக் கவனித்து அதற்குச் சிரிக்கும், உங்கள் வசனத்துக்கு அல்ல. மேடை விளக்குச் சூட்டில் இலை ஓரம் சுருளும். ஈரத்துணியில் சுற்றி இன்னொரு இலை பின்னால் இருக்கட்டும். கவிஞர் போனதும் “ஆறிப்போச்சு” என்று ஆச்சி பழைய இலையை எடுத்துப் புது இலை போட்டால் மாற்றினது மாதிரியும் இருக்கும், அவர் வயிற்றில் அடித்தது மாதிரியும் இருக்கும். விசிறி வைத்தால் இலை பறக்கும், நுனி மேல் தண்ணீர்ச் செம்பு வையுங்கள்.

கதாநாயகன் 46 நிமிடமும் மேடையில் இருப்பார். அவருக்கு வசனம் மறந்தால் மற்றவர்கள் யாரும் காப்பாற்ற முடியாது. பேரேட்டுக்குள் நுழைவு வரிசையையும் தொகையையும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள், அதை அவர் பார்ப்பது யாருக்கும் தெரியப்போவதில்லை.

---

தனிக்குரல் எழுதியது:

மாற்றுக் கருத்து ஒன்று. பெயர்களை மாற்றாமலே செய்யவும் ஒரு வழி உண்டு, ஆனால் வேறு கதையில். யெர்வாந்த் ஓதியான் (1869–1926) எழுதிய ‘தோழர் பஞ்சூனி’ கடித வடிவ அங்கதம். ஒரு புரட்சிக்காரர் மலைக்கிராமத்துக்கு விழிப்புணர்வு ஊட்டப் போகிறார். அங்கே இல்லாத சண்டையை உண்டாக்கி, ஊரையே பாழாக்கி, ஒவ்வொரு கடிதத்திலும் அதை வெற்றியாகத் தலைமைக்கு அறிவித்து, கடைசியில் கொஞ்சம் பணம் அனுப்பச் சொல்வார்.

எட்டுப் பேருக்கும் வேலை தராது என்பது உண்மை. ஆனால் இரண்டாவது நிகழ்ச்சியாக 10 நிமிடத்துக்கு ஒரே ஆளை வைத்துச் செய்யலாம். ஒரு மேசை, ஒரு விளக்கு, ஆறு கடிதம், கடிதத்துக்கு ஒன்றரை நிமிடம். நம் பழைய கடித நடை இதற்கென்றே பிறந்தது: “இப்பவும் இவ்விடம் க்ஷேமம், அவ்விடத்து க்ஷேமத்துக்கு எழுதவும்” என்று தொடங்கி, பஞ்சாயத்தார் இரண்டு கட்சியானதையும் கிணறு தூர்ந்ததையும் அதே க்ஷேமத்தோடு சொல்லி, பணத்தைப் பின்குறிப்பில் வைக்கலாம். பணம் கேட்கிற வரி ஆறு கடிதத்திலும் ஓர் எழுத்துக்கூட மாறக் கூடாது, குரல் ஏற்ற இறக்கமும் மாறக் கூடாது. நடிகர்கள் மூன்றாவது முறையே அலங்காரம் செய்யத் தொடங்குவார்கள், சிரிப்பு அங்கேயே நின்றுவிடும்.

புலம்பெயர்ந்த இன்றைய மேடையாளர்களின் நகைச்சுவையை எடுக்கலாமா என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். உரிமைச் சிக்கல் ஒரு பக்கம். அவற்றில் பாதிச் சிரிப்பு பெய்ரூத்து அர்மீனியருக்கும் எரெவான் அர்மீனியருக்கும் பேச்சில் இருக்கும் வித்தியாசத்தில் இருக்கிறது, அரபியும் துருக்கியும் நடுநடுவே ஓடும். ஆங்கிலத்துக்கு வந்தபோதே அது போய்விட்டது, தமிழுக்கு எதுவும் வந்து சேராது.

---

மைக்செட் எழுதியது:

இடம் பற்றி ஒருவரும் பேசவில்லை. வளவு அழகுதான், ஆனால் வசனத்துக்கு எதிரி. வழவழப்பான சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல் தரை, கருங்கல் தூண், எல்லாமே சத்தத்தைத் திருப்பி அடிக்கும். போய் ஒரு தடவை பலமாகக் கை தட்டிப் பாருங்கள். சத்தம் ஒன்றரை வினாடிக்கு மேல் இழுத்தால் வேகமான வசனத்தில் ககரம் தகரமெல்லாம் குழம்பும். கவிஞர் வெண்பா படித்தால் யாருக்கும் விளங்காது.

செய்ய வேண்டியது இது. நடிகர்கள் ஒரு பக்கத்துப் பத்தியில் (தாழ்வாரத்தில்), பார்வையாளர்கள் திறந்த வாசலிலும் (நடுமுற்றத்திலும்) எதிர்ப்பக்கத்திலும். உட்காரும் இடமெல்லாம் ஜமக்காளம், நாற்காலியைவிட அது நல்லது. நடிகர்களுக்கு எதிரே இருக்கும் சுவரில் கனமான ஜமக்காளம் அல்லது கம்பளி தொங்கவிடுங்கள், சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி. ஒட்டினால் பாதிப் பலன்தான், ஏனென்றால் இடையில் காற்று இருந்தால்தான் அடிக்குரல் சத்தமும் அடங்கும். கூட்டம் நிறைந்ததும் இன்னும் குறையும். காலி வளவில் ஒத்திகை பார்த்துவிட்டுப் பயந்து சத்தத்தை ஏற்றாதீர்கள்.

மேடை ஓரத்தில் மூன்று மைக் போதும். நடிகர் மைக்குக்கு 3 அடி தூரத்தில் நின்றால் மைக்குக்கு மைக் 9 அடி இருக்க வேண்டும், அதாவது மூன்று மடங்கு. நெருக்கி வைத்தால் ஒரே குரல் இரண்டு மைக்கில் சிறிது முன்பின்னாக விழுந்து டப்பாவுக்குள் பேசுகிற மாதிரி ஆகும். ஸ்பீக்கர் மைக் வரிசைக்கு முன்னால், பார்வையாளர் பக்கம். பின்னால் வைத்தால் ஊளையிடும். பெரிய பெட்டி இரண்டுக்குப் பதில் சின்னச் சின்னத் தூண் ஸ்பீக்கர் நாலு, குறைந்த சத்தத்தில். மிக்சரில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், நடைச் சத்தமும் விசிறி உறுமலும் போகும். கதாநாயகனுக்குச் சட்டை மைக் போட ஆசைப்படுவீர்கள். அங்கவஸ்திரம் உரசும் சத்தம் வசனத்தை மூடும். போட்டால் துண்டு படாத பக்கம் மாட்டி, கம்பியை ஒட்டுத்துணியால் உடம்போடு ஒட்டுங்கள்.

தரை எண்ணெய் போட்டுத் துடைத்ததாக இருந்தால் வழுக்கும். நடிகர்கள் வெறுங்காலோடு இருப்பது நல்லது, இரும்புப் பெட்டியை இழுக்கிற காட்சி வேண்டாம், கல்லில் கோடு விழுந்தால் வீட்டுக்காரரிடம் யார் பதில் சொல்வது? ஒலிபெருக்கிக்குக் காவல் நிலைய அனுமதி வாங்குங்கள். திறந்த இடத்தில் இரவு 10 மணிக்கு மேல் கூடாது. பொன்னாடை, பாராட்டுரை எல்லாம் முடிந்து நாடகம் 9.20-க்குத் தொடங்கினால் வக்கீல் வருவதற்குள் மைக்கை அணைக்க வேண்டியதுதான். நாடகத்தை முதலில் போடச் சொல்லுங்கள்.

மழைக்கு வழி இல்லையென்றால் கலையரங்கம்.

---

செக்காலை நாடகக்குழு:

வளவுதான் என்று முடிவு செய்கிறோம், மழை வந்தால் மறுநாள் கலையரங்கம். கடைசியாக ஒன்று: முடிவுக்கு 4 நிமிடம் என்றீர்கள். 22 ரூபாயோடு அவர் கிளம்புவதை எப்படி முடிப்பது? சிலர் புத்திமதி வசனம் ஒன்று வேண்டும் என்கிறார்கள்.

---

திரைச்சீலை:

புத்திமதி வேண்டவே வேண்டாம். ஓட்டம்தான் முடிவு. ஜட்கா வந்து நிற்கிறது, எழும்பூருக்குப் போக வேண்டும், பேரேட்டைக் கூட்டி 22 என்று சொல்லிப் பெட்டியைப் பூட்டுகிறார். அந்த நேரம் ஆச்சி சோற்றுப் பாத்திரத்தோடு முதல்முறையாக வெளியே வர வேண்டும். அவர் இலையைப் பார்க்கிறார், வாசலில் மறுபடி குரல் கேட்கிறது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்கட்டு வழியாக ஓடுகிறார். குரல் யாருடையது என்று காட்ட வேண்டாம்.

வளவில் திரை கிடையாது, அதனால் எல்லோரும் வெளியேறும் வழியை முன்பே பிரித்துக்கொள்ளுங்கள். கதாநாயகன் இரண்டாம் கட்டுப் பக்கம், மற்றவர்கள் முகப்புப் பக்கம். மேடையில் இலையும் ஆச்சியும் மட்டும் நிற்க, ஐந்து எண்ணிவிட்டு விளக்கை அணைக்கலாம். வணக்கம் சொல்ல வரும்போது இரட்டை வேடக்காரர்கள் இருவரும் இரண்டாவது வேடத்திலேயே வரட்டும், முதல் வேடத்து முண்டாசைக் கையில் பிடித்துக்கொண்டு.

---

ஒப்பனைப்பெட்டி:

முண்டாசைக் கட்டி, தைத்து வைத்துவிடுங்கள். மேடையில் சுற்றிக் கட்ட நினைத்தால் நடுவில் அவிழும்.

---

பக்கவாட்டு:

சோற்றுப் பாத்திரம் மூடியோடு இருக்கட்டும். காலியாக இருப்பது முன்வரிசைக்குத் தெரியக் கூடாது. உள்ளே ஒரு செங்கல்லைத் துணியில் சுற்றி வைத்தால் ஆச்சி தூக்கி வரும்போது கனம் கையில் தெரியும்.